கலாசி வெட்டிய கம்பிகள்

இராயபுரத்தில் கோபம் என்ற சரக்கை மொத்தக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தவர் கலாசி. நாங்களெல்லாம் அவர் சிந்தியதைப் பொறுக்கித்தான் எங்கள் வீட்டுச் சண்டைகளைப் போட்டுக்கொண்டோம். மணலிப் பக்கமிருந்து ரசாயன நாற்றம் வந்தால் அவருக்குக் கோபம். காற்று திசை மாறி நாற்றம் வராமல் போனால், "அப்போ இன்னிக்கு வேற எவன் மூக்குக்கோ போய்கினு கீது, அவன் இன்னா பாவம் பண்ணான்?" என்று அதற்கும் கோபம். போன வருடம் மகள் வீட்டோடு மணலிக்கே குடிபோய்விட்டார். இப்போது அந்தப் புகைதான் அவருக்குப் பயந்து ஒதுங்கிப் போகிறதாம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். பெயரில்லாதவருக்கு ரேஷனில் அரிசி போடுவார்களா? ஆனால் எங்களுக்கு அது தெரியாது. துறைமுகத்தில் கிரேனுக்கு இரும்பு வடம் பூட்டுகிற, அந்த வடங்களைச் சோதித்துப் பார்க்கிற ஆட்களைக் கலாசி என்பார்கள். முப்பத்தைந்து வருடம் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றதில் ஆளுக்கே அது பெயராகிவிட்டது. எங்கள் வாரியக் குடியிருப்பில் அவர் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது மாடி. என் தரைதான் அவருடைய கூரை. அந்தக் கூரையின் மேல் உட்கார்ந்து நான் கிடார் வாசித்தேன். தப்பு என்னுடையதுதான்.

நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் புருஷன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார். வாரத்தில் ஆறு நாள் யாருடைய சரக்குக்கோ பேப்பர் அடித்து, வீட்டுக்கு வந்து மீன் கழுவி, சோறு பொங்கி, துணி துவைப்பவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் மட்டும் எங்கள் வட்டாரச் சர்ச்சான பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் கிடாரோடு உட்காருவேன். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு மணி நேரம்தான் என்னுடையது. அதற்கும் ஒருத்தர் வேட்டு வைக்க வந்தார்.

வந்தவர் கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர். அவருடைய அக்கா மகன் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தான். வாங்கியவன் வீட்டில் வைத்து வாசித்திருக்கலாம். செயலாளருக்கு அது கோயிலில் ஒலிக்க வேண்டும், அதுவும் தனியாக ஒலிக்க வேண்டும்.

"இந்தாம்மா, காலம் மாறிப் போச்சு. கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா வயலினு, டிரம்ஸு, புல்லாங்குழலு எல்லாம் வருது. உன் கிட்டார்ல இன்னா வருது? சுருதி போற சத்தம்தான் வருது. கிறிஸ்மஸ் பூசையில ஜனங்க மூஞ்சியப் பாத்தேல்ல?"

பார்த்தேன். காணிக்கைப் பாடலின் நடுவே என் கிடார் இறங்கியது. பாடியவர்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போய்ச் சேர்ந்தோம். சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவரை அங்கேயே ஒரு வழி பண்ணியிருப்பேன். உண்மையாக இருந்ததால் வீட்டுக்கு வந்து பாத்திரங்களை வழி பண்ணினேன். கடைசியில் ஃபாதர் நடுவில் புகுந்து ஒரு தீர்ப்புச் சொன்னார். இரண்டு மாதத்தில் வருகிற தேர்த் திருவிழாப் பூசையில் கிடார் சுருதி குலையாமல் நின்றால் நான் இருக்கலாம். ஒருதரம் குலைந்தாலும் அடுத்த ஞாயிறு முதல் கீபோர்டு மட்டும்தான். நான் கீழே ஜனங்களோடு உட்கார்ந்து பாடிக்கொள்ளலாம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் செயலாளரை நினைத்துக்கொண்டே வாசித்தேன். கை கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுந்தது. முதல் கம்பி 'டங்' என்று அறுந்தது.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கதவை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு கலாசி வந்து நின்றார். ஒரு கையில் லுங்கி, மறு கையில் காயத்தில் கட்டுவதற்காகக் கிழித்த வேட்டித் துணி.

"யார் மேல பட்டுது?"

"இன்னாண்ணா?"

"ஒயரு அறுந்த சத்தம் கேட்டுச்சு. யார் மேல பட்டுது? கண்ணத் தொற. கையக் காட்டு!"

"கிட்டாரு கம்பிண்ணா. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டால் மற்ற மனிதர்கள் மூச்சு விடுவார்கள். கலாசிக்கு ஓடி வந்தது வீணாகப் போன கோபம் வந்துவிட்டது. கிடாரைப் பிடுங்கிக் கட்டிலில் கிடத்தினார். கொண்டு வந்த துணியை மிச்சமிருந்த ஐந்து கம்பிகளின் மேல் ஒவ்வொன்றாக ஓட்டினார். மூன்று இடத்தில் நூல் பிசிறு மாட்டிக்கொண்டது. துறைமுகத்தில் வடம் பார்க்கிற முறை அதுதானாம். துணி மாட்டினால் அங்கே இரும்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"எப்போம்மே மாத்துன இத்த?"

"போன கிறிஸ்மஸு... இல்ல, அதுக்கு முந்தின கிறிஸ்மஸு."

"எவ்ளோ லோடு இழுக்குது?"

"கிட்டாருக்கு ஏதுண்ணா லோடு?"

என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே போனை எடுத்துத் தேடத் தோன்றியது. ஆறு கம்பியும் சேர்ந்து கிடாரின் கழுத்தை ஏறக்குறைய எழுபது கிலோ எடைக்கு இழுக்கின்றன என்று போட்டிருந்தது. படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

"எழுவது கிலோ! ஒரு முழு ஆம்பளைய இந்தத் துருப் புடிச்ச கம்பியில கட்டித் தொங்க வுட்டுகினு, நீ பாட்டுக்கு சாமி பாட்டு பாடிகினு குந்திகினு கீறே. ஏம்மே, உனுக்கு நெஞ்சு பதறல?"

எனக்குப் பதறவில்லை. அன்று முதல் பதறத் தொடங்கியது, ஏனென்றால் மறுநாளிலிருந்து கிடார் என்னுடையது இல்லை. கலாசிக்கு இசை சுத்தமாக வராது. ஸ்வரம் என்றால் என்ன என்று கேட்டால், எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார். நான் என்ன வாசிக்கிறேன் என்று ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஒரு இடத்தில் கம்பி இழுபட்டுக்கொண்டிருந்தால், யாராவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வீட்டைச் சோதித்தார். கிடாரை நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஒரு பக்கம் குக்கர், எதிர்ப்பக்கம் கடலைப் பார்த்த ஜன்னல்.

"இந்தப் பக்கம் ஆவி, அந்தப் பக்கம் உப்புக் காத்து. நடுவுல மரத்தக் கொண்டாந்து தொங்க வுட்டுகீறே. மரம் தண்ணி குடிக்கும்மே!" ஒரு இரும்பு ஸ்கேலைக் கிடாரின் வயிற்றில் குறுக்கே வைத்தார். ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் ஆடியது. "பாரு, உப்பிகீது. மாசமாக் கீற மாதிரி கீது. வயிறு உப்புனா கம்பி மேல தூக்கும். கம்பி தூக்குனா சுருதி எப்டி நிக்கும்?"

கிடார் பெட்டிக்குள் போனது. பெட்டி, ஜன்னல் இல்லாத உள் சுவர் ஓரமாகப் போனது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் போட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. கன்டெய்னரில் சரக்கோடு வருமே, குட்டிக் குட்டி வெள்ளைப் பொட்டலம், அதுதான். அலுவலகத்தில் சாம்பிள் பெட்டி பிரிக்கும்போதெல்லாம் நான் குனிந்து குனிந்து அதைப் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, எங்கள் மேனேஜர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அப்புறம் என் புருஷன் கைவைத்தார். நல்ல எண்ணம்தான், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மழைக்காலம் வருகிறதென்றால் படகில் வலை இழுக்கிற வின்ச்சு வடத்துக்குக் கிரீஸ் தடவுவார்கள். துரு அண்டாது. ஐந்து நாள் தொழிலுக்குப் போவதற்கு முன்னால், பெண்டாட்டி இவ்வளவு பாடுபடுகிறாளே என்று, கிடார் கம்பி ஆறுக்கும் படகுக் கிரீஸை நிறைவாகத் தடவிவிட்டு, பெட்டியை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். நனைந்த மெத்தையைத் தட்டினதுபோல் 'தொப்' என்றது. என் பத்து விரலும் கறுப்பு, தாவணிப் பருவத்திலிருந்து பத்திரமாக வைத்திருந்த பாட்டு நோட்டும் கறுப்பு.

நான் போட்ட கூச்சலில் கலாசி மேலே வந்தார். வடத்துக்குக் கிரீஸ் போடுவதே தொழிலாக இருந்தவர், என் புருஷன் பக்கம் பேசுவார் என்றுதான் நினைத்தேன். பேசவில்லை. நடுக்கடலில் இருந்தவருக்குக் கேட்கும்படி கத்தினார்.

"அறிவுகீதா உன் ஆளுக்கு? வடம் சுமக்குது, அதுக்கு கிரீஸு. இது அதிர்றது! அதிர்றதுக்கு எவனாச்சும் கிரீஸ் போடுவானா? கிரீஸு அழுக்கப் புடிக்கும், அழுக்கு ஈரத்தப் புடிக்கும், ஈரம் துருவ இட்டுகினு வரும். ஒணந்த துணிதாம்மே இதுக்கு மருந்து. வாசிச்சு முடிச்சியா, மேலயும் தொட, கம்பிக்கு அடியிலயும் தொட. உன் கையி வேர்வகீதே, கடலவிட மோசமான உப்பு அது."

என் வேர்வையையும் சேர்த்துத் திட்டிவிட்டு, உட்கார்ந்து இரண்டு மணி நேரம் துடைத்தார். ஒரு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "வாய மூடிகினு அந்தப் பக்கம் தொட" என்றார்.

அடுத்தது கழுத்து. கிடார் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். ஒரு கம்பியை முதல் பட்டையிலும் பதினாலாவது பட்டையிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் கம்பிக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற சந்து இருக்க வேண்டும். என் கிடாரில் கல்யாணப் பத்திரிகை கவரோடு நுழைந்தது. எழுபது கிலோ இழுத்து இழுத்துக் கழுத்து முன்பக்கம் வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது, கிடாரின் வட்ட ஓட்டைக்குள் அலன் கீ என்கிற வளைந்த சாவியை விட்டு அதை முறுக்கினால் கழுத்து நிமிரும். விஷயம் இவ்வளவுதான். நான் பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். கலாசி ஒரு நாளைக்குக் கால் திருகல்தான் திருகினார்.

தினம் காலை ஆறரைக்கு வருவார். கால் திருகல். போய்விடுவார். மறுநாள் ஆறரைக்குக் கார்டை நுழைத்துப் பார்ப்பார். மறுபடி கால் திருகல். அந்த நேரத்தில் நான் தண்ணீர் பிடிப்பேனா, இட்லி ஊற்றுவேனா, இவருக்குக் கதவு திறப்பேனா?

"இன்னும் ரெண்டு திருகு திருகுங்கண்ணா. இன்னிக்கே முடிச்சிரலாம்."

"மரம்மே இது. உன் புருஷன் இல்ல, நீ அதட்டுன ஒடனே வளையறதுக்கு."

கரைக்குத் திரும்பியிருந்த என் புருஷன் டீ தம்ளரோடு எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் கார்டு இறுக்கமாக நுழைந்தது. ஆனால் கம்பி இன்னும் கொஞ்சம் உயரம். கம்பிகள் ஏறி உட்காருகிற வெள்ளை எலும்புத் துண்டு ஒன்று கிடாரின் வயிற்றில் இருக்கும். அதன் அடிப்பக்கத்தை மயிரிழை அளவு தேய்த்தால் எல்லாக் கம்பியும் ஒன்றாக இறங்கும். தேய்க்கிற இடம் சமமாக இருக்க வேண்டும். கலாசி என் தரையை ஸ்கேல் வைத்துப் பார்த்தார், காறித் துப்பாத குறை. மேசையைப் பார்த்தார், அதுவும் தேறவில்லை. வீட்டிலேயே சமமானது சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவின் கண்ணாடிதான் என்று கண்டுபிடித்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதைக் கழற்றிப் படுக்கப் போட்டு, மேலே உப்புத்தாளை வைத்து, அந்த வெள்ளைத் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாளின் ஒரு மூலை மடங்கிக் கண்ணாடியையும் தேய்த்தது அவருக்குத் தெரியவில்லை. கல்யாணக் கோலத்தில் நான் தெளிவாகத்தான் இருக்கிறேன். என் புருஷன் மட்டும் இன்றைக்கும் மூடுபனிக்குள் நிற்கிறார்.

கத்தினேன். பதிலுக்கு அவரும் கத்தினார். கத்தி முடித்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக என் விரல் நுனியை அறுத்துக்கொண்டிருந்த கம்பி, தொட்டதும் அடங்கியது. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதர் பத்து வருடம் முன்னால் மாடியேறி வந்திருக்கக் கூடாதா?

பாக்கி இருந்தது கம்பிதான். அறுந்த ஒன்றுக்கு மட்டும் புதிது போட்டிருந்தேன். மற்ற ஐந்தும் பழசு. கழுத்து சரியாகாமல் கம்பி மாற்றக்கூடாது என்று கலாசியே தள்ளி வைத்திருந்தார். சரியானதும் மாற்று மாற்று என்று என் கழுத்தில் உட்கார்ந்தார். நான் மாட்டேன் என்றேன். புதுக் கம்பி போட்டால் அது நீண்டு நீண்டு இரண்டு மூன்று நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். திருவிழாவை வைத்துக்கொண்டு யார் அந்த வம்பை விலைக்கு வாங்குவது? பழைய கம்பி அழுதாலும் ஒரே சுருதியில் அழும். புது செட்டு ஒன்று பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது, பூசை முடியட்டும், போடுகிறேன் என்றேன்.

"இத்த இன்னா பட்டுப்பொடவையா, நல்ல நாளு பாத்துக் கட்றதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதோடு விட்டார் என்று நம்பினேன்.

திருவிழாவுக்கு முதல் நாள், சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வந்தேன். திருவிழா வாரம் என்பதால் படகு போகவில்லை. என் புருஷன் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டில் மேல் கிடார் மொட்டையாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் என் ஆறு கம்பியும், பீன்ஸ் நறுக்கின மாதிரி, விரல் நீளத் துண்டுகளாக இருந்தன.

"நான் வாணாம்னேன். அவரு எங்க காதுல வாங்குனாரு?" என்றார் என் புருஷன். "மொதல்ல ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிகினாருடி. அப்பால தான் வெட்னாரு."

தளர்த்திவிட்டு வெட்டுகிற அளவுக்குப் பொறுமை இருந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் பொறுமையில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஒரு மாடி இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அவர் வீட்டு வாசலில் நின்று, எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தைகளையும் சொன்னேன். ஞாயிறு பாடல் பாடுகிற வாய் என்று பார்க்கவில்லை. நாளைக்கு சுருதி போகும், என் இடம் போகும், அதற்கு நீங்கள்தான் காரணம் என்று கத்தினேன்.

கலாசி முதல்முறையாகக் குரலை உயர்த்தாமல் பேசினார்.

"ஹார்பர்ல ஒரு வடம் கெட்டுதுன்னா ஒடனே துண்டு துண்டா வெட்டிரணும். சொம்மா ஓரமா போட்டு வெச்சா, எவனாச்சும் அவசரத்துக்கு எடுத்து மாட்டிருவான். ஒருதரம் நான் வெட்டாம வுட்டேன். சோறு துன்னுட்டு வந்து வெட்லாம்னு போனேன். வர்றதுக்குள்ள மாட்டிட்டானுங்க. என் தோஸ்து ஒருத்தன் இன்னிக்கும் ரெண்டு வெரலாலதான் சோறு துன்றான்." அவ்வளவு நேரம் மெதுவாகப் பேசியதே அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. "மூணாவது கம்பியில துரு குழி வுழுந்து கீது. நாளிக்கு பூசை நடுவுல அறுந்தா இன்னாம்மே பண்ணுவ? போ, போய் அந்தப் புது செட்ட எட்த்தா!"

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். புதுக் கம்பிகளை மாட்டினேன். சுருதி சேர்த்தேன். துறைமுகத்தில் புது வடத்தை வேலைக்கு விடும் முன்னால் பாரம் ஏற்றி நீட்டிப் பார்ப்பார்களாம். கலாசி ஒவ்வொரு கம்பியையும் நடுவில் இரண்டு விரலால் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குகிற பதத்தில் மேலே இழுத்துப் பிடித்து விட்டார். சுருதி இறங்கியது. நான் திரும்ப ஏற்றினேன். அவர் இழுத்தார். இறங்கியது. ஏற்றினேன். நடுநடுவே சண்டை போட்டோம். "மெதுவா இழுங்கண்ணா." "எனுக்கு இழுக்கச் சொல்லித் தர்றியா?" என் புருஷன் இரண்டு முறை டீ போட்டார். கோயிலில் ஆறு மணிக்கு மணி அடித்தபோது கலாசி கடைசியாக ஒருதரம் இழுத்து விட்டார். போனில் சுருதி காட்டுகிற ஆப்பின் முள் அசையவில்லை. ஆறு கம்பியும் நின்றது நின்றபடி நின்றன. இருவருக்கும் கை விரல் வீங்கியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் பூசை. கோயிலைக் கழுவிவிட்டு, தோரணம் கட்டியிருந்தார்கள். கூட்டம் வாசல் தாண்டி நின்றது. கலாசியும் வந்திருந்தார், வாசலோடு சரி. அவர் அம்மன் பக்தர். கோபம் வந்தால் எதிரே எந்தச் சாமி என்று பார்க்கத் தெரியாது என்பதால், எல்லாச் சாமிக்கும் தூரத்திலிருந்தே கும்பிடு போடுகிற வழக்கம்.

உள்ளே போனால், என் நாற்காலி பின்வரிசையில் கிடந்தது. முன்னால் கீபோர்டு, அதற்கு மைக். எனக்கு மைக் இல்லை.

"ஒயரு பத்தலம்மா. இந்த ஒரு பூசைக்கு கீபோர்டு லீடு. நீ சொம்மா கூட வாசி" என்றார் செயலாளர். "கேட்டா கேக்குது, கேக்கலன்னா இன்னா இப்போ?"

கேட்காத கிடார் சுருதியில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அடுத்த ஞாயிறு நான் இல்லாதது யாருக்கும் தெரியாது. அதுதான் அவர் கணக்கு. இரண்டு மாதம் பட்ட பாடு, போட்டோவில் புருஷன் முகத்தில் விழுந்த கீறல், வீங்கின விரல் எல்லாம் சேர்ந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அங்கே அழுதுவிடுவேன் என்று பயந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"வூட்டுக்குப் போலாம்ணா" என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

கலாசி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. செருப்பைக் கழற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

நேராகக் கீபோர்டுக்குப் போனார். அதிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடிய கறுப்புக் கரண்ட் ஒயரைக் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அங்கே விரல் நின்றது. எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார், டேப்புக்கு நடுவில் வைத்து ஒரே அமுக்கு.

"யோவ்! இன்னாய்யா பண்றே?" செயலாளர் பாய்ந்து வந்தார்.

"டேப்பு சுத்துன ஒயரு கெட்டுப்போன ஒயரு! ஈரத் தரை. ஜனங்க வெறுங்காலோட மண்டி போட்ற எடம். இங்க எவன்யா இத்த இழுத்து வுட்டது? கூப்டு அவன!"

"நான் யாருன்னு தெரியுமா உனுக்கு?"

"ஷாக் அடிச்சா அது கேக்காதுய்யா நீ யாருன்னு!"

மைக் செட்டுக்காரர் வெளியே தேருக்கு விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார். வேறு ஒயர் கேட்டு ஆள் ஓடுவதற்குள் மணி அடித்துவிட்டது. ஃபாதர் பவனியாக உள்ளே வந்துகொண்டிருந்தார். கீபோர்டில் அக்கா மகன் பத்து விரலையும் வைத்துக்கொண்டு பரிதாபமாக உட்கார்ந்திருந்தான். பாடுகிற பெண்களில் ஒருத்தி சத்தமில்லாமல் அந்த மைக்கைத் தூக்கி என் கிடார் முன்னால் வைத்தாள்.

வருகைப் பாடலிலிருந்து நன்றிப் பாடல் வரை ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். கூட்டத்தின் புழுக்கம், கடல் காற்று, மெழுகுவர்த்திச் சூடு எல்லாம் இருந்தது. ஒரு கம்பிகூட இறங்கவில்லை. பூசை முடிந்ததும் ஃபாதர் செயலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "கிடார் இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். என் நாற்காலி முன்வரிசைக்குத் திரும்பியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. கீபோர்டும் இருக்கிறது, எனக்குப் பின்னால்.

மறுநாள் காலை மைக் செட்டுக்காரர் கையில் இரண்டு துண்டு ஒயரோடு என் வீட்டு வாசலில் நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"அக்கா, இது புது ஒயருக்கா. வாங்கி ஒரு மாசம்கூட ஆவல."

"டேப்பு சுத்தியிருந்துச்சே?"

"அது நம்ப செட்டு அடையாளம்க்கா. வேற செட்டுக்காரனோடது கலந்துறக் கூடாதுன்னு எல்லா ஒயர்லயும் மஞ்ச டேப்பு சுத்தி வெச்சிருப்பேன்."

"கலாசிண்ணாவுக்கு அது தெரிஞ்சிருக்காதுப்பா."

"தெரியாதா? நேத்து காலைல கோயிலு வாசல்ல நான் ஒயரப் பிரிச்சுகினு இருக்கச்சொல்ல அவருதாங்க்கா வந்தாரு. ஒவ்வொண்ணா தடவிப் பாத்தாரு. டேப்பு இன்னாத்துக்குன்னு கேட்டாரு, சொன்னேன். இந்த ஒயரையும் பாத்துட்டு, 'நல்லாக் கீது, கட்டு'ன்னு சொல்ட்டுப் போனாரு."

அந்தத் துண்டுகளை வாங்கிக்கொண்டு கீழே போனேன். டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கீறல் இல்லை. வெட்டின இடத்தில் செம்பு பளபளவென்று இருந்தது. கலாசி வாசல்படியில் இட்லி தின்றுகொண்டிருந்தார். ஒயரை அவர் முன்னால் நீட்டினேன்.

"அண்ணா, இது நல்ல ஒயரு."

"கெட்ட ஒயரு."

"நேத்து காலைல நீங்களே பாத்து நல்லாக் கீதுன்னீங்களாமே?"

"காலைல நல்லாத்தான் இருந்துச்சு, சாய்ந்தரம் கெட்டுப்போச்சு. ஒயரு இன்னா உன்னக் கேட்டுகினாம்மே கெட்டுப் போவும்?"

சத்தம் வழக்கம்போல் நாலு மாடிக்கும் கேட்டது. ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் இட்லியைப் பார்த்துக் கத்தினார். முப்பத்தைந்து வருடத்தில் நல்ல வடத்தைக் கெட்டது என்றோ, கெட்டதை நல்லது என்றோ ஒருதரம் சொன்னதில்லை அந்த மனிதர். அதற்காகப் பெரிய பெரிய ஆபீசர்களோடு மல்லுக்கு நின்று, பதவி உயர்வைக்கூட இழந்தவர் என்று துறைமுகத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஒரு மைக் கிடைப்பதற்காக அவர் ஒரு நல்ல ஒயரைக் கெட்டது என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது.

"ஆமாண்ணா, கெட்ட ஒயருதான்" என்றேன். அவரோடு போட்ட சண்டைகளில் நான் மனசாரத் தோற்றது அது ஒன்றுதான்.